புத்தகத்தில் எழுதியபடியே செய்தும் கேக் ஏன் சரியாக வரவில்லை?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வந்தபோது பேக்கிங் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். ஒரு மாதத்தில் நான்கு குறிப்புகளைச் செய்து பார்த்தேன். வெண்ணெய் கேக் நடுவில் வெடித்து, அடியில் எண்ணெய் கோத்து, கனமாக வந்தது, உப்பும் கரித்தது. மோர் சேர்த்த மஃபின் எழும்பவே இல்லை. சாக்லேட் பிஸ்கட் தட்டு முழுவதும் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ரொட்டியில் கள் வாடை. எல்லாவற்றையும் எழுதியிருந்தபடியேதான் செய்தேன். புத்தகம் தவறா, எனக்குக் கைப்பக்குவம் போதவில்லையா? இருப்பது மதுரையில், அடுப்பு 25 லிட்டர் ஓடிஜி, அதாவது மேலும் கீழும் கம்பி உள்ள சிறிய மின் அடுப்பு.

பதில்:

இரண்டும் இல்லை. நானும் மதுரையில்தான் பல ஆண்டுகளாக வீட்டில் கேக் சுட்டு வருகிறேன். நீங்கள் சொன்ன நான்கும் எனக்கும் நடந்தவைதான். அந்தப் புத்தகத்தை எழுதியவர் தன் ஊர் மாவை, தன் ஊர் வெண்ணெயை, குளிரூட்டியோ கணப்போ வைத்த தன் சமையலறையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். அவர் எழுதாமல் விட்டவையும் அந்தக் குறிப்பின் பகுதிகளே. பக்கத்தில் உள்ளதை அப்படியே பின்பற்றினீர்கள். பக்கத்தில் இல்லாதவை உங்கள் சமையலறையில் மாறியிருந்தன. அவை எவை என்று தெரிந்துவிட்டால் அதே புத்தகம் உங்களுக்கு அருமையாக வேலை செய்யும்.

முதலில் கோப்பைக் கணக்கு. உங்கள் வெண்ணெய் கேக் வெடித்ததற்கும் கனத்ததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். 1896இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் என்ற ஆசிரியை வெளியிட்ட சமையல் புத்தகம், கோப்பையையும் கரண்டியையும் தலை தட்டி அளக்கும் பழக்கத்தை அமெரிக்க வீடுகளில் நிலைநிறுத்தியது. அதனால் இன்றும் அங்கே தராசை விடக் கோப்பைக்கே மதிப்பு. ஆனால் மாவு அமுங்கக்கூடிய பொருள். கிங் ஆர்தர் என்ற பழைய மாவு நிறுவனம் ஒரு கோப்பை மாவை 120 கிராம் என்று கணக்கிடுகிறது. குறிப்புகளைச் சோதித்து வெளியிடும் அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் என்ற நிறுவனம் 142 கிராம் என்கிறது. ஒரே நாட்டில், ஒரே கோப்பையில் 22 கிராம் வித்தியாசம். மூன்று கோப்பை மாவு கேட்கும் கேக்கில் அது 66 கிராம் ஆகிவிடும். ஏறக்குறைய அரைக் கோப்பை.

இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மைதா டப்பாவுக்குள் கோப்பையை விட்டு ஒரே அள்ளாக அள்ளி, கத்தியால் தலை தட்டி எடை பாருங்கள். பிறகு அதே மாவை ஒரு கரண்டியால் கிளறி இளக்கி, கரண்டி கரண்டியாகக் கோப்பையில் தூவி நிரப்பித் தலை தட்டி எடை பாருங்கள். என் வீட்டில் முதலாவது 150 கிராமைத் தொட்டது, இரண்டாவது 122. கண்ணுக்கு இரண்டும் ஒரே கோப்பைதான். அன்றைக்கே மின்னணுத் தராசு ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு என் கேக்கில் வந்த மாற்றத்தைப் புதிய ஓவன் வாங்கியிருந்தால்கூடக் கண்டிருக்க மாட்டேன். உங்கள் புத்தகத்தில் கிராம் அளவும் இருந்தால் கோப்பை அளவைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். இல்லையென்றால் முன்பக்கங்களில் ஒரு கோப்பை மாவு எத்தனை கிராம் என்று அட்டவணை போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். முன்னுரையைத் தாண்டிக் குறிப்புகளுக்குப் பாய்ந்துவிடுவது எல்லாரும் செய்வது. ஆனால் முட்டை என்ன அளவு, வெண்ணெய் உப்புப் போட்டதா, அடுப்பு விசிறி உள்ளதா என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

கோப்பையே நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் 15. பேக்கிங் பவுடரை மேசைக்கரண்டியால் அளக்கச் சொல்லும் குறிப்பில் இந்த 5 மில்லி கேக்கையே கெடுத்துவிடும்.

முட்டையும் அப்படித்தான். அமெரிக்கப் புத்தகத்தில் 'பெரிய முட்டை' என்றால் ஓட்டோடு சுமார் 57 கிராம், ஓடு நீங்கினால் 50. நம் கடையில் வாங்கும் நாமக்கல் முட்டைகள் பல நேரம் அதைவிடச் சிறியவை. நாட்டுக்கோழி முட்டை இன்னும் சிறியது. நான்கு முட்டை கேட்டால் 200 கிராம் வரும்வரை உடைத்து ஊற்றுங்கள். எண்ணிக்கை நான்கரையாக வந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது வெண்ணெய். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கேக் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். புத்தகம் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று சொல்லும். அந்த அறை 20, 21 டிகிரி அறை. மதுரையில் மார்கழி, தை விடியற்காலையில்தான் வெப்பம் அதை ஒட்டி வரும். சித்திரை மதியத்தில் உங்கள் சமையலறை 35ஐத் தாண்டியிருக்கும். வெண்ணெய் முழுதாக உருகுவது 32க்கும் 35க்கும் இடையில். காலையில் வெளியே எடுத்து வைத்து மதியம் தொட்டால் அது வெண்ணெய் இல்லை, நெய்க்குப் பாதி வழியில் இருக்கும் ஏதோ ஒன்று.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது இனிப்பைக் கலப்பதற்காக மட்டும் அல்ல. சர்க்கரைப் பரல்களின் முனைகள் வெண்ணெய்க்குள் உரசிச் செல்லும்போது காற்று நுண்ணிய குமிழ்களாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழ்களைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் குமிழ் நிற்காது. குமிழ் இல்லாவிட்டால் கேக் எழும்புவதற்கு இடம் இல்லை. தாங்கப்படாத கொழுப்பு கீழே இறங்கி அடியில் கோத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்தது அதுதான்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு, அடுப்பு எதையும் பற்றவைப்பதற்கு முன்பே கேக் வேலையைத் தொடங்கிவிடுவேன். வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து விரல் நுனி அளவு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் விடுவேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் பிசுக்கு ஒட்டக் கூடாது, மேலே பளபளப்பும் தெரியக் கூடாது. அடிக்கும் பாத்திரமும் ஃபிரிட்ஜில் சற்று நேரம் இருந்திருக்கும். பிறகு வெண்ணெயையும் சர்க்கரையையும் மின்சார பீட்டரால் அடிக்கத் தொடங்குவேன். முதல் நிமிடத்தில் கலவை மஞ்சளாக, மணல்போலத் திரண்டு பீட்டரில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது நிமிடத்தில் ஓரங்களைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ள வேண்டும். மூன்றாவது, நான்காவது நிமிடத்தில் நிறம் வெளுத்துத் தந்தத்தின் நிறத்துக்கு வரும். பீட்டரின் சத்தமும் தணியும். கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தால் சர்க்கரை இன்னும் நெருடும், ஆனால் கலவை பஞ்சுபோல லேசாக இருக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். நடுவில் கலவை பளபளக்கத் தொடங்கினால் பாத்திரத்தோடு தூக்கி ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தொடருங்கள். அதற்குப் பிறகு அதிகமாக அடித்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், சூடுதான் ஏறும்.

நம் சர்க்கரைப் பரல் பெரியது. அமெரிக்கச் சர்க்கரை மெல்லிய ரவைபோல இருக்கும். எடை போட்ட சர்க்கரையை மிக்ஸியில் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். முழுப் பொடியாகிவிட்டால் வெண்ணெயை உரச முனை இருக்காது.

உப்புக் கரித்ததற்குக் காரணம் எளிது. அங்கே பேக்கிங்குக்கு உப்பில்லாத வெண்ணெயைத்தான் எடுப்பார்கள். நம் கடைகளில் கைக்குக் கிடைக்கும் மஞ்சள் பாக்கெட் உப்புப் போட்டது. உறையின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. 225 கிராம் வெண்ணெய் கேட்கும் கேக்கில் நாலரை கிராம், அதாவது முக்கால் தேக்கரண்டி உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் புத்தகம் சொல்லும் அரைத் தேக்கரண்டியையும் போட்டிருப்பீர்கள். அந்த வெண்ணெயைப் பயன்படுத்தினால் தனியாக உப்பே போட வேண்டாம்.

மஃபினுக்கு வருகிறேன். அந்தப் புத்தகம் சொல்லும் 'பட்டர்மில்க்' நம் மோர் இல்லை. வெயிலுக்குக் குடிக்க நாம் கடையும் மோரில் தண்ணீர்தான் அதிகம். அங்கே விற்பது நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த பால்; கட்டியாக, கரண்டியிலிருந்து கூழ்போல வழியும். ஒரு கோப்பை கேட்டால் முக்கால் கோப்பை புளித்த கெட்டித் தயிரில் கால் கோப்பை பால் அல்லது தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். புளிப்பு முக்கியம். இத்தகைய குறிப்புகளில் பேக்கிங் பவுடரோடு சமையல் சோடாவும் இருக்கும். சோடா பொங்க வேண்டுமானால் அதற்குப் புளிப்பு வேண்டும். நீர்மோரில் புளிப்பு குறைவு, தண்ணீர் மிகுதி. கலவை இளகி, சோடா வேலை செய்யாமல், மஃபின் தட்டையாகிவிட்டது. உங்கள் சோடாவும் பேக்கிங் பவுடரும் பழசாகவில்லையா என்பதையும் பார்த்துவிடுங்கள்: சோடாவில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு, பேக்கிங் பவுடரில் கொதிநீர். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோம்பலாகக் குமிழ் விட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

இதேபோல் பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பவை இன்னும் சில. அங்கே அடித்துப் பொங்கவைக்கும் கிரீமில் கொழுப்பு 36 சதவீதம். இங்கே சின்ன அட்டைப் பெட்டியில் பரவலாகக் கிடைப்பதில் 25. அதை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. பழுப்புச் சர்க்கரைக்கு நாட்டுச் சர்க்கரையைப் போடலாம், சலித்துவிட்டு. பிஸ்கட்டில் அதன் மணம் எனக்கு மூலத்தைவிடப் பிடிக்கிறது.

அந்தப் பிஸ்கட் பரவியதும் வெண்ணெய்ச் சூட்டால்தான். மாவை உருண்டையாகப் பிடித்து மூடி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுவதும் வையுங்கள். அடுப்பு முழுச் சூட்டுக்கு வந்த பிறகே தட்டை உள்ளே தள்ளுங்கள். இரண்டாவது ஈட்டைச் சூடான தட்டில் வைக்காதீர்கள். அடுப்புக்குள் போவதற்கு முன்பே உருகத் தொடங்கிவிடும். முதலில் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம். முதல் தோசையைப் பார்த்துவிட்டு மாவில் தண்ணீர் விடுகிறோமே, அதே வழக்கம்தான்.

அடுப்பைப் பற்றி. புத்தகத்தில் 350 என்று இருப்பது ஃபாரன்ஹீட். நமக்கு 177, நடைமுறையில் 175. விசிறி ஓடும் அடுப்பானால் 20 டிகிரி குறைக்க வேண்டும். ஆனால் ஓடிஜியில் சூட்டை வைக்கத் திருப்பும் குமிழ் காட்டும் எண்ணை நம்ப முடியாது. என்னுடையதில் குமிழை 180இல் வைத்தால் உள்ளே 205 ஏறியது. உள்ளே வைக்கும் ஓவன் வெப்பமானி சில நூறு ரூபாய்தான். அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி சர்க்கரையை வைத்து, குமிழை 175இல் நிறுத்தி, சூடேறிய அடுப்பில் பதினைந்து நிமிடம் விடுங்கள். சர்க்கரை உருகியிருந்தால் அடுப்பு பொய் சொல்கிறது. கேக் சுடும்போது மேலே சூடேற்றும் கம்பியை அணைத்து, கீழ்க் கம்பியை மட்டும் வைத்து, கேக் தகரம் அடுப்பின் நடுவில் வரும்படி தட்டை இறக்கி வையுங்கள். மேல் கம்பி எரிந்தால் மேலோடு முதலில் இறுகி, பிறகு எழும்பும் கலவை அதைப் பிளந்துகொண்டு வரும். உங்கள் கேக் வெடித்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

ஊர் உயரமும் கணக்கில் வரும். மதுரையில் உங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் இதே புத்தகத்தை ஊட்டியில் இருப்பவருக்குக் கொடுத்தால், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், கேக் வேகமாக எழும்பி நடுவில் அமுங்கிவிடும். அங்கே பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு எங்கிருந்து தொடங்குவது? ஒரு மாதத்தில் நான்கு குறிப்புகள் செய்தீர்கள். நான் சொல்வது: இனி ஒரு மாதத்துக்கு ஒரே குறிப்பு, மூன்று முறை. புத்தகத்திலேயே மிக எளிய வெண்ணெய் கேக்கைத் தேர்ந்தெடுங்கள். பழம், மேற்பூச்சு, அடுக்கு எதுவும் வேண்டாம். பாதி அளவு போதும். 8 அங்குல வட்டத் தகரத்தின் பரப்பு 50 சதுர அங்குலம், 6 அங்குலத்துக்கு 28. அதனால் 8 அங்குலக் குறிப்பில் பாதி 6 அங்குலத் தகரத்தில் சரியாக அமையும். மூன்று முட்டையைப் பாதியாக்க வேண்டி வந்தால் ஒரு முழு முட்டையோடு, இன்னொன்றை அடித்து அதில் 25 கிராம் ஊற்றிக்கொள்ளுங்கள். பாதி அளவானாலும் சூடு அதேதான். நேரம் மட்டும் குறையும், பத்து நிமிடம் முன்னதாகவே குச்சி விட்டுப் பாருங்கள்.

முதல் முறை, மேலே சொன்ன திருத்தங்களைத் தவிர, புத்தகத்தில் உள்ளதில் எதையும் மாற்றாதீர்கள், குறிப்பாகச் சர்க்கரையின் அளவை. 'இவ்வளவு சர்க்கரையா' என்று நம் கை தானாகக் குறைக்கப் பார்க்கும். கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்துவைப்பதும், மாவு இறுகிவிடாமல் மிருதுவாக வைப்பதும் அதுதான். முதல் கேக் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, இரண்டாவது முறை எட்டில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். மூன்றாவது முறை வேறு ஒன்றை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். முட்டை சேர்க்காத வீடு என்றால், முட்டை உள்ள குறிப்பில் தயிரை மாற்றிப் போடுவதைவிட முட்டையில்லாமலே எழுதப்பட்ட குறிப்பைத் தேடுவது நல்லது. மூன்று, நான்கு முட்டை தாங்கிநிற்கும் கேக்கைத் தயிர் தாங்காது.

ரொட்டியைக் கடைசியாக வைத்தேன், அதில் கோபப்பட வேண்டியது கடிகாரத்தின் மேல்தான் என்பதால். 'ஒன்றரை மணி நேரம் பொங்கவிடவும்' என்பது 21 டிகிரி அறைக்கான நேரம். தோசை மாவு மார்கழியில் புளிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, சித்திரையில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். யாரும் கடிகாரத்தைப் பார்த்துத் தோசை மாவை எடுத்து வைப்பதில்லை. ரொட்டி மாவும் அதே குணம்தான். 35 டிகிரியில் அது முக்கால் மணிக்குள் இரட்டிப்பாகிவிடும். அதற்குப் பிறகும் விட்டால் ஈஸ்ட் மாவின் சர்க்கரையைத் தின்று சாராயம் விடும். அந்தக் கள் வாடை அதுதான். நேரான கண்ணாடிப் பாத்திரத்தில் மாவை வைத்து, அதன் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்டு போட்டு விடுங்கள். இரட்டிப்பு உயரத்தைத் தொட்டதும் அடுத்த வேலை.

500 கிராம் மைதாவுக்கு உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம் என்பது பொதுவான கணக்கு. கோடையில் ஈஸ்டைப் பாதியாக்கி, ஃபிரிட்ஜ் தண்ணீரில் பிசையுங்கள். அமெரிக்க ரொட்டி மாவில் புரதம் 12, 13 சதவீதம். நம் மைதாவில் அதைவிடக் குறைவு, அதனால் அவ்வளவு தண்ணீர் இழுக்காது. புத்தகம் சொல்லும் தண்ணீரில் 40 மில்லியைத் தனியே வைத்துக்கொண்டு, மாவு கேட்டால் மட்டும் விடுங்கள். கோதுமை மாவு என்றால் நேர் எதிர்; சக்கியில் அரைத்தது அதிகத் தண்ணீர் குடிக்கும்.

ஐப்பசி மழை வரும்வரை ரொட்டியை ஒத்திப்போடலாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பொறுக்க முடியாது என்றால் இரவு ஒன்பது மணிக்குப் பிசைந்து, அரை மணி வெளியே வைத்துவிட்டு, மூடியுள்ள பெரிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காலையில் அது மெல்லமெல்லப் பொங்கி இரட்டிப்பாகியிருக்கும். குளிர்ந்த மாவு கையில் ஒட்டாது, உருட்டவும் எளிது. தகரத்தில் போட்டு, விளிம்பைத் தொட ஒரு விரல் உயரம் இருக்கும்போதே அடுப்பைச் சூடேற்றத் தொடங்கிவிடுங்கள். மீதி உயரத்தை அது நீங்கள் நினைப்பதைவிட விரைவில் எட்டிவிடும்.